சம்மர்ட்டன் போதகரை நம் பிள்ளைகள் அறியட்டும்: கரோலினா தமிழ்ப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

வட கரோலினாவிலும் தென் கரோலினாவிலும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்திவரும் தன்னார்வலர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

பிப்ரவரி மாதம் இந்த நாட்டில் கறுப்பின வரலாற்று மாதம். அந்த மாதத்தில் நம் தமிழ்ப் பள்ளிகள் ஒவ்வொன்றும் ஒரு வகுப்பை ரெவரண்ட் ஜோசப் ஆர்ம்ஸ்ட்ராங் டிலேன் என்ற போதகருக்காக ஒதுக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். முடிந்தால் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைத் தென் கரோலினாவில் அவர் வாழ்ந்த சம்மர்ட்டன் ஊருக்கும் அழைத்துப் போகவேண்டும். சார்லட்டிலிருந்து காரில் ஏறினால் சுமார் இரண்டரை மணி நேரம், அவ்வளவுதான்.

மார்ட்டின் லூதர் கிங்கை நம் பிள்ளைகளுக்குத் தெரியும். ரோசா பார்க்ஸையும் தெரியும். பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தந்துவிடுகிறார்கள். ஆனால் கறுப்பினப் பிள்ளையும் வெள்ளைக்காரப் பிள்ளையும் ஒரே வகுப்பறையில் உட்காரலாம் என்று 1954இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புக்குப் பின்னால், நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கிராமத்துப் போதகர் இருந்தார் என்பது பெரியவர்கள் பலருக்கே தெரியாது. ‘பிரவுன் வழக்கு’ என்று கான்சாஸ் மாநிலத்தின் பெயரோடு அது நிலைத்துவிட்டது. அந்தத் தீர்ப்பில் சேர்த்து முடிக்கப்பட்ட ஐந்து வழக்குகளில் ஒன்று தென் கரோலினாவின் கிளாரண்டன் கவுண்டியிலிருந்து போன ‘பிரிக்ஸ் எதிர் எலியட்’. உச்ச நீதிமன்றத்தின் வாசலை முதலில் மிதித்த வழக்கும் அதுதான். அது கீழ்க் கோர்ட்டுக்குத் திரும்பிப் போய் மறுபடி வருவதற்குள் கான்சாஸ் வழக்கு முன்வரிசைக்கு வந்துவிட்டது. இது தெற்கத்தி மாநிலங்களின் பிரச்சினை மட்டும்தான் என்ற தோற்றம் வந்துவிடக் கூடாதென்று அந்த வரிசையை அப்படியே விட்டதாக உச்ச நீதிமன்ற நீதிபதி டாம் கிளார்க் பிற்பாடு சொன்னார். அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் அந்த ஒரு முடிவால் கிளாரண்டன் கவுண்டியின் ஏழைக் குடியானவர்கள் பாடப்புத்தகத்தின் ஓரத்துக்குப் போய்விட்டார்கள்.

டிலேன் 1898இல் அந்தக் கவுண்டியில், மானிங் ஊருக்குப் பக்கத்தில் பிறந்தவர். அப்பாவும் போதகர்தான், ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபையில். அடிமைக் காலத்திலேயே கறுப்பின மக்கள் தாங்களே தொடங்கித் தாங்களே நடத்திவந்த சபை அது. சிறுவனாக இருந்தபோது தன் தங்கையிடம் வம்பு செய்த வெள்ளைக்காரப் பையனைத் தள்ளிவிட்டதற்காக டிலேனுக்கு 25 சவுக்கடி என்று முடிவாயிற்று. அவர் அடி வாங்க நிற்கவில்லை. ஊரைவிட்டு ஓடிப்போனார். வேலை செய்து பிழைத்து, பின்னால் திரும்பி வந்து, மாநிலத் தலைநகரான கொலம்பியாவில் அவருடைய சபையே நடத்திய ஆலன் பல்கலைக்கழகத்தில் 1931இல் பட்டம் வாங்கினார். அதே ஆண்டில் மேட்டி பெல்ட்டனை மணந்தார். இருவருமே ஆசிரியர்கள். வாரநாளில் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை கிராமத்து ஆலயங்களில் பிரசங்கம். மூன்று பிள்ளைகள். சம்மர்ட்டனில் சொந்த வீடு. ஐம்பது வயதை நெருங்கும் ஒருவர் இனி நிம்மதியாக இருக்கலாம் என்று நினைக்கக்கூடிய நிலை.

1947 கோடையில் ஆலன் பல்கலைக்கழகத்தில் அவர் ஒரு பேச்சைக் கேட்டார். பேசியவர் ஜேம்ஸ் ஹின்டன், என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பின மக்கள் உரிமைச் சங்கத்தின் மாநிலத் தலைவர். பள்ளிப் பேருந்து கேட்டு வழக்குப் போட ஒரு பெற்றோரைத் தேடிக் கொண்டுவரும் துணிச்சல் இந்த மாநிலத்தில் எந்த ஆசிரியருக்கும் போதகருக்கும் இல்லை என்பதுதான் அவர் பேச்சின் சாரம். டிலேன் ஆசிரியர், போதகர் இரண்டுமே. அந்தச் சொல் அவரைத் தைத்திருக்கவேண்டும்.

பேருந்து விஷயத்தைப் பிள்ளைகளுக்கு நிதானமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அவர்களுக்கு அது உடனே புரியும். அன்றைக்குக் கிளாரண்டன் கவுண்டியில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு 30 பள்ளிப் பேருந்துகள் ஓடின. கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூடக் கிடையாது, இத்தனைக்கும் பிள்ளைகளில் பெரும்பகுதி அவர்கள்தான். சில பிள்ளைகள் ஒரு வழிக்கு 9 மைல் வரை நடந்தார்கள். நம் கணக்கில் 14 கிலோமீட்டருக்கு மேல், போக மட்டும். மழை நாளில் பேருந்து அவர்களைத் தாண்டிப் போகும்போது சேறு தெறிக்கும்.

நாம் புளோரிடாவுக்குப் போகும்போது 95ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒரு பெரிய ஏரிப்பாலத்தைக் கடப்போமே, மேரியன் ஏரி, பிள்ளைகள் ஜன்னலோரம் ஒட்டிக்கொண்டு பார்ப்பார்களே, அந்த ஏரி 1940களின் தொடக்கத்தில் நீர்மின் திட்டத்துக்காக அணை கட்டித் தேக்கியது. தண்ணீர் ஏறியதும் சில கிராமத்துப் பாதைகள் முழுகிப்போயின. மழைக் காலத்தில் அந்தப் பக்கத்துக் கறுப்பினப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகப் படகு வலித்தார்கள். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் துடுப்புப் போட்டதை நினைத்துப் பாருங்கள்.

பெற்றோர் சும்மா இருக்கவில்லை. காசு சேர்த்துப் பழைய பேருந்து ஒன்றை வாங்கினார்கள். அது அடிக்கடி நின்றுபோனது, பழுது பார்த்தே கை ஓய்ந்தது. பெட்ரோலுக்காவது பணம் தாருங்கள் என்று பள்ளி நிர்வாகத்திடம் கேட்டார்கள். கறுப்பினத்தவர் கட்டும் வரி குறைவு, அவர்களுக்குப் பேருந்து விட வெள்ளைக்காரர் வரிப்பணத்தைத் தொட முடியாது என்ற தோரணையில் பதில் வந்தது. கவுண்டியின் பள்ளிக் கண்காணிப்பாளராக இருந்த மெக்கார்டும் ஒரு போதகர்தான், வெள்ளைக்காரப் பிரஸ்பிட்டேரியன் சபைப் போதகர். ஒரே வேதப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்த இரண்டு பேர் ஒரே கவுண்டியில் எதிரெதிரே நின்றார்கள்.

வழக்குப் போட முன்வந்தவர் லீவை பியர்சன் என்ற விவசாயி. சொந்த நிலம் வைத்திருந்தவர். டிலேன் அவரோடு உட்கார்ந்து மனு தயாரித்தார். 1948 மார்ச்சில் வழக்குப் பதிவாயிற்று. ஜூனில் தள்ளுபடியாயிற்று. காரணத்தைக் கேளுங்கள்: பியர்சனின் நிலம் இரண்டு பள்ளி மாவட்டங்களின் எல்லைக்கோட்டில் கிடந்தது. அவர் வரி கட்டிய மாவட்டம் ஒன்று, பிள்ளைகள் படித்த மாவட்டம் வேறு. ஆகவே வழக்குப் போட உரிமை இல்லை. வீடு வாங்கும் முன் நாமெல்லாம் கணினியில் பள்ளி எல்லை வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்தத் தெரு எந்தப் பள்ளிக்குப் போகும், அந்தப் பள்ளிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று பார்க்கிறோம். அந்தக் கோடு ஒரு மனிதரின் வாழ்க்கையை எப்படி வெட்டிப்போடும் என்பதற்குப் பியர்சனைவிட வேறு சாட்சி வேண்டாம். வழக்கும் போய், அவருக்குக் கடன் கொடுப்பதையும் நிறுத்தினார்கள். உரமும் விதையும் கடனுக்குக் கிடைக்காது. அறுவடை இயந்திரம் வாடகைக்குக் கிடைக்காமல் பயிர் நிலத்திலேயே வீணாயிற்று. வெட்டி வைத்த மரங்களை மில் எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டை நோக்கித் துப்பாக்கியாலும் சுட்டார்கள்.

இதற்கு மேல் யார் கையெழுத்துப் போடுவார்கள்? டிலேனின் பெரிய வேலை இங்கேதான் தொடங்குகிறது. 1949 மார்ச்சில் சங்கத்தின் வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் கொலம்பியாவுக்கு வந்து, ஒரே ஒரு மனுதாரரை நம்பி இனி வழக்கு கிடையாது என்று சொல்லிவிட்டார். இருபது பேராவது வேண்டும். பேருந்து மட்டும் போதாது. கட்டடம், புத்தகம், ஆசிரியர் சம்பளம் எல்லாமே சமமாக வேண்டும் என்று கேட்கவேண்டும். அந்த இருபது பேரைச் சேர்க்க டிலேனுக்கு எட்டு மாதம் ஆயிற்று. ஆலயங்களில் கூட்டம் போட்டார். வீடு வீடாக ஏறி இறங்கினார். அந்த ஆண்டு, சம்மர்ட்டனில் கறுப்பினப் பிள்ளைகள் படித்த ஸ்காட்ஸ் பிராஞ்ச் பள்ளியின் கடைசி வகுப்பு மாணவர்களே தலைமை ஆசிரியரின் போக்கைக் கண்டித்து எழுந்தார்கள்; பெற்றோருக்குத் தைரியம் பிறந்ததில் அந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1949 நவம்பர் 11ஆம் தேதி ஹாரி பிரிக்ஸ், எலைசா பிரிக்ஸ் தம்பதியின் வீட்டில் மனுவில் கையெழுத்து விழுந்தது. பெற்றோரும் பிள்ளைகளுமாக 107 பேர்.

ஒரு போதகரால் இது ஏன் முடிந்தது என்று நான் யோசித்ததுண்டு. அன்றைய தெற்கில் கறுப்பினத்தவர் நிலம், கடை, வங்கி என்று எதற்குப் போனாலும் எதிரில் வெள்ளைக்காரர்தான் உட்கார்ந்திருப்பார். ஆசிரியர் வேலையும் அவர்கள் கையில். போதகரின் சம்பளம் மட்டும் சபை மக்களின் காணிக்கையிலிருந்து வந்தது. ஆலயக் கட்டடமும் அவர்களுடையது. கூடிப் பேச ஒரு கூரை, வேலையைப் பறிக்க முடியாத ஒரு தலைவர். டிலேனுக்கோ ஆசிரியர் வேலையும் இருந்ததால் அந்தப் பாதுகாப்பு பாதிதான். முதலில் அவருடைய ஆசிரியர் வேலையைப் பறித்தார்கள். பின்னால் மேட்டியின் வேலையும் போயிற்று. ஆசிரியைகளாக இருந்த அவருடைய உறவுப் பெண்களையும் விட்டுவைக்கவில்லை. ஸ்காட்ஸ் பிராஞ்ச் பள்ளியில் வேலை இழந்த அந்தத் தலைமை ஆசிரியர் டிலேன்மேல் அவதூறு வழக்கும் போட்டார்.

மனு போட்டவர்களுக்கு நடந்ததை ஒவ்வொரு வீடாகச் சொன்னால் இந்த மடல் தாங்காது. பிரிக்ஸ் குடும்பத்தை மட்டும் சொல்கிறேன். ஹாரி பிரிக்ஸ் உலகப் போரில் கடற்படையில் இருந்தவர், பெட்ரோல் பங்கில் வேலை. பெயரை எடுத்துவிடு என்று முதலாளி சொல்லிப் பார்த்தார். அவர் கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் கையில் ஒரு பண்டல் சிகரெட்டைப் பரிசாகக் கொடுத்து வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். எலைசாவுக்கு ஒரு மோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை. கணவரைப் பெயரை எடுக்கச் சொல் என்றார்கள். அவரும் மறுத்தார், அந்த வேலையும் போயிற்று. ஒருநாள் அவர்கள் மாடு அவிழ்ந்து போய் ஊர்ப் பெரிய குடும்பத்தின் கல்லறைக் கல்லை மிதித்துவிட்டது. ஊர்க் காவலர் வந்து மாட்டைக் கைது செய்து கொண்டுபோனார். கடைசியில் பிழைப்புக்காக ஹாரி புளோரிடாவுக்குப் போகவேண்டி வந்தது. அகர வரிசையில் முதலில் வந்ததால்தான் வழக்குக்கு அவர் பெயர். எலியட் என்பது பள்ளிக் குழுத் தலைவர் பெயர், மர மில் முதலாளி.

வழக்கில் வெளிவந்த கணக்குகளும் கொஞ்சம் சொல்லவேண்டும். கவுண்டியில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளைக்கு ஆண்டுக்கு 179 டாலர் செலவு. கறுப்பினப் பிள்ளைக்கு 43. கறுப்பினப் பிள்ளைகள் 6,531 பேருக்கு 61 பள்ளிக்கூடம், பெரும்பாலும் ஒன்றிரண்டு அறை கொண்ட மரக் கொட்டகைகள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் 2,375 பேருக்கு 12 பள்ளிக்கூடம், ஆனால் கட்டட மதிப்பு அந்த 61ஐப் போல மூன்று மடங்குக்கு மேல். உயர் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்த எண்களைக் கொடுத்து அவர்களையே வகுத்துப் பார்க்கச் சொல்லலாம்.

சார்லஸ்டனில் வாட்டீஸ் வாரிங் என்ற கூட்டரசு நீதிபதி இருந்தார். பழைய வெள்ளைக்காரக் குடும்பம். சமமான பேருந்து, சமமான கட்டடம் என்று கேட்பதை விட்டுவிட்டுப் பிரித்துவைப்பதையே எதிர்த்துக் கேளுங்கள் என்று மார்ஷலைத் தூண்டியவர் அவர்தான். அப்படியே வழக்கு மாற்றிப் போடப்பட்டு 1951 மே மாதக் கடைசியில் சார்லஸ்டனில் விசாரணை நடந்தது. கிளாரண்டனிலிருந்து விடியுமுன்பே கிளம்பி வந்த மக்கள் நீதிமன்றக் கூடத்தையும் தாழ்வாரத்தையும் நிறைத்தார்கள். உளவியல் அறிஞர் கென்னத் கிளார்க், அந்த ஊர்ப் பிள்ளைகள் 16 பேரிடம் கறுப்பு பொம்மை, வெள்ளை பொம்மை காட்டிக் கேட்ட கேள்விகளைச் சாட்சியமாகச் சொன்னார். பிள்ளைகளில் 11 பேர் கறுப்பு பொம்மையைத்தான் கெட்டது என்று காட்டியிருந்தார்கள். நீதிபதிகள் மூவரில் இருவர் பிரிவினை செல்லும் என்றார்கள். வாரிங் மட்டும் மறுத்து எழுதினார்: பிரித்துவைப்பது என்பதே சமமின்மைதான். மூன்றாண்டு கழித்து, 1954 மே 17இல், உச்ச நீதிமன்றம் ஒரே குரலில் அதைத்தான் சொன்னது. இதற்கிடையில் தென் கரோலினா அரசு முதல்முறையாக 3 சதவீத விற்பனை வரி போட்டு, அந்தப் பணத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் புதுப் பள்ளிக் கட்டடங்களை அவசர அவசரமாகக் கட்டிக்கொண்டிருந்தது. ஒரு பேருந்துக்கு இல்லாத பணம், ஒன்றாக உட்கார விடாமல் தடுக்க வேண்டும் என்றதும் வந்துவிட்டது.

அப்புறம் டிலேனுக்கு என்ன ஆயிற்று? இந்தப் பகுதியைத்தான் நாம் பிள்ளைகளிடம் தவிர்த்துவிடுவோமோ என்ற கவலை எனக்கு. தவிர்க்காதீர்கள்.

உயிருக்கு ஆபத்து என்று பேராயர் அவரை 1950இல் லேக் சிட்டி என்ற ஊருக்கு மாற்றினார். 1951 அக்டோபரில் சம்மர்ட்டனில் இருந்த அவருடைய வீடு தீப்பிடித்து எரிந்தது. தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். வீடு ஊர் எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று சொல்லி நின்று பார்த்தார்கள். வீடு முழுதும் சாம்பலாயிற்று. இங்கேயும் ஒரு எல்லைக்கோடு.

லேக் சிட்டியிலும் விடவில்லை. போதகர் வீட்டின்மேல் கல்லும் பாட்டிலும் வந்து விழுந்தன. 1955இல் மிரட்டல் கடிதம் ஒன்று வந்தது. ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது போகாத கறுப்பினத் தபால் அதிகாரி ஒருவர் கடைசியில் சவப்பெட்டியில் போனாரே, கேள்விப்பட்டதுண்டா என்று அதில் கேட்டிருந்தார்கள். அவர் ஃப்ரேசியர் பேக்கர். 1898 பிப்ரவரியில் லேக் சிட்டியில் ஒரு கும்பல் அவர் வீட்டுக்குத் தீவைத்து, வெளியே வந்த குடும்பத்தைச் சுட்டது. அவரும் கைக்குழந்தையும் இறந்தார்கள். டிலேன் பிறந்தது அதே 1898இல், சில மாதம் கழித்து. 57 ஆண்டுக்குப் பிறகும் அந்தக் கொலையை ஒரு மிரட்டலாகக் கையில் வைத்திருந்த ஊரில் அவர் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார்.

அக்டோபரில் அவருடைய ஆலயத்தை எரித்தார்கள். சில நாளில், 10ஆம் தேதி இரவு, கார்களில் வந்தவர்கள் வீட்டை நோக்கிச் சுட்டார்கள். டிலேன் திருப்பிச் சுட்டார். போலீஸ் பின்னால் தேடுவதற்கு அந்தக் காரில் அடையாளம் இருக்கட்டும் என்றுதான் சுட்டேன் என்பது அவர் சொன்ன விளக்கம். இரவோடு இரவாகக் காரை எடுத்துக்கொண்டு மாநிலத்தைவிட்டே தப்பினார். வீட்டின்மேல் சுட்டவர்களை விட்டுவிட்டு, கொலை நோக்கத்தோடு தாக்கினார் என்று டிலேன்மேல் வாரண்ட் போட்டார்கள்.

அந்த நாளிலிருந்து அவர் பிறந்த மண்ணில் கால் வைக்கவே முடியாதவர். நியூயார்க் மாநிலத்துக்குப் போய், பஃபலோ நகரில் ஒரு சபையைத் தொடங்கினார். அதற்கு இன்று டிலேன்-வாரிங் ஆலயம் என்று பெயர். கிளாரண்டனின் கறுப்பினப் போதகரும் சார்லஸ்டனின் வெள்ளைக்கார நீதிபதியும் ஒரே பெயர்ப்பலகையில் இருக்கிறார்கள். வாரிங்கும் ஊரார் ஒதுக்கிவைத்ததால் சார்லஸ்டனை விட்டு நியூயார்க் போனவர்தான்.

1971இல் ஓய்வு பெற்ற டிலேன், சார்லட்டுக்கு வந்து குடியேறினார். ஆமாம், நம் சார்லட். தென் கரோலினாவுக்குள் போனால் வாரண்ட் காத்திருக்கிறது. எல்லைக்கு மிக அருகில் இருக்கும் பெரிய ஊர் இதுதான். அதே 1971இல்தான், நகரத்தின் ஒரு பகுதிப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி இன்னொரு பகுதிப் பள்ளிக்கு அனுப்பியாவது பிரிவினையை ஒழிக்கலாம் என்று ‘ஸ்வான்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவும் சார்லட் பள்ளிகளைப் பற்றிய வழக்கு. அதைத் தொடங்கிய டேரியஸ் ஸ்வானும் போதகர், அதிலும் இந்தியாவில் பல ஆண்டுகள் மிஷனரியாக இருந்து திரும்பியவர். ஒரே ஒரு பேருந்து கேட்டுத் தொடங்கிய டிலேன், பேருந்துகளால் பள்ளிகள் மாறிய ஊரில் தன் கடைசி நாட்களைக் கழித்தார். 1974 ஆகஸ்ட்டில் இங்கேயே இறந்தார். வாரண்டை ரத்து செய்து அவரைக் குற்றமற்றவர் என்று தென் கரோலினா சொன்னது 2000இல்தான். 2004இல் அவருக்கும் பிரிக்ஸ் தம்பதிக்கும் பியர்சனுக்கும் நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. வாங்கிக்கொள்ள நால்வரில் ஒருவரும் உயிரோடு இல்லை.

சரி, இதைத் தமிழ்ப் பள்ளியில் ஏன் சொல்லவேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். வாரத்தில் இரண்டு மணி நேரம், அதில் ‘ழ’வும் ‘ள’வும் சொல்லித்தரவே நேரம் போதவில்லை என்பீர்கள். ஆசிரியர்களின் சிரமம் புரிந்தே கேட்கிறேன். பிள்ளைகள் தமிழில் பேசத் தயங்குவதற்கு ஒரு காரணம், அவர்கள் வாழும் இடத்தைப் பற்றி அவர்களுக்குத் தமிழில் ஒன்றுமே சொல்லித்தரவில்லை என்பதுதான். காவிரியைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறார்கள், பார்த்ததில்லை. மேரியன் ஏரியைப் பார்த்திருக்கிறார்கள், அதைப் பற்றித் தமிழில் ஒரு வாக்கியம் தெரியாது. மனு, கையெழுத்து, வழக்கு, தீர்ப்பு, எல்லை, சாட்சி, மறுப்பு என்று இந்த ஒரு கதையில் எத்தனை சொற்கள் வருகின்றன பாருங்கள். ஆண்டு விழாவில் வேலுநாச்சியார் வேடமும் பாரதியார் வேடமும் போடுகிறோம், போடவும் வேண்டும். அந்த மேடையில் படகு வலிக்கும் நாலு பிள்ளைகளுக்கும் இடம் உண்டு.

தமிழ்ப் பள்ளியில் அரசியல் வேண்டாமே என்று இன்னும் சிலர் நினைக்கலாம். நாம் இந்த நாட்டில் இருப்பதே இந்த வரலாற்றால்தான். 1946 முதல் இந்தியாவுக்கு அமெரிக்கா ஒதுக்கிய குடியேற்ற இடம் ஆண்டுக்கு 100. பிறந்த நாட்டை வைத்து ஆளைக் கழித்த அந்த முறையை 1965 சட்டம் நீக்கியது. உரிமைப் போராட்டம் நாட்டின் மனச்சாட்சியைப் பிடித்து உலுக்கிய அதே ஆண்டுகளில், சிவில் உரிமைச் சட்டத்தையும் வாக்குரிமைச் சட்டத்தையும் நிறைவேற்றிய அதே சூட்டில் வந்த சட்டம் அது. நம் விசாவுக்கும் வீட்டுக்கும் பிள்ளைகளின் வகுப்பறைக்கும் யாரோ வேலையை இழந்து, வீட்டை எரியக் கொடுத்து வழி திறந்திருக்கிறார்கள். அவர்கள் பெயரையாவது தெரிந்துவைத்திருப்பது நம் கடமை இல்லையா?

இன்னொன்றையும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையைக் கேட்டால் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, ‘உங்க ஊர்லயும் இப்படித் தனித்தனியா வெச்சிருந்தாங்களா?’ என்று கேட்பார்கள். ஊர் வேறு, சேரி வேறு என்று வளர்ந்த நம் தலைமுறைக்கு அதற்குப் பதில் தெரியும். தனிக் குவளை வைத்த டீக்கடைகளும், பிள்ளைகளைத் தனி வரிசையில் உட்காரவைத்த வகுப்பறைகளும் நமக்குக் கேள்விப்பட்ட செய்தி மட்டும் இல்லை. அந்தக் கேள்வி வந்தால் பேச்சை மாற்றாமல் பதில் சொல்லுங்கள் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன். வேறு நாட்டில் வேறு நிறத்தில் நடந்த அநியாயமாக மட்டும் இதைச் சொல்லிவிட்டுப் போனால் டிலேனைப் பாதிதான் சொன்னதாக ஆகும்.

தீர்ப்பு வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்லவேண்டாம். சம்மர்ட்டனின் வெள்ளைக்காரப் பள்ளிகளில் முதல் கறுப்பினப் பிள்ளைகள் சேர்ந்தது 1965இல், தீர்ப்புக்குப் பதினோரு ஆண்டு கழித்து. அதே ஆண்டில் வெள்ளைக்காரப் பெற்றோர் தங்களுக்கென்று தனியார் பள்ளி தொடங்கிப் பிள்ளைகளை அங்கே கொண்டுபோனார்கள். பெரிய பிள்ளைகள் இதைக் கேட்டால் தங்கள் பள்ளி உணவுக் கூடத்தில் யார் யாரோடு உட்கார்கிறார்கள் என்று அவர்களே பேசத் தொடங்குவார்கள். பேசட்டும்.

இனி செய்யவேண்டிய காரியம். சம்மர்ட்டன் உயர்நிலைப் பள்ளி, ஸ்காட்ஸ் பிராஞ்ச் பள்ளி இரண்டையும் பிரவுன் வழக்கின் தேசிய வரலாற்றுப் பூங்காவோடு சேர்க்க 2022இல் சட்டம் வந்தது. கூட்டங்கள் நடந்த லிபர்ட்டி ஹில் ஆலயமும் ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே போகும் முன் அந்த ஆலயத்தாரிடம் எழுதிக் கேட்டு, அவர்களுக்கு வசதியான நாளில் போவதுதான் மரியாதை. மனுவில் கையெழுத்துப் போட்ட குடும்பங்களின் வாரிசுகள் அந்தப் பக்கத்தில் இன்னும் வாழ்கிறார்கள். நாம் சுற்றுலாக் கூட்டமாகப் போய் இறங்கக் கூடாது. நம் பிள்ளைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய நன்றிக் கடிதங்களோடு போகலாம். சாப்பாட்டை நாம் கொண்டுபோய் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடலாம்.

பிப்ரவரி வகுப்புக்காக இரண்டு பாடங்களை எழுதி வைத்திருக்கிறேன். சிறு பிள்ளைகளுக்கு ‘ஒரு பேருந்து வேண்டும்’, பெரிய பிள்ளைகளுக்கு ‘107 கையெழுத்து’. நிலை வாரியாகச் சொற்களை எளிதாக்க அனுபவமுள்ள ஆசிரியர்களின் உதவி வேண்டும். பாடத்தைத் திருத்தவோ வகுப்பெடுக்கவோ சனிக்கிழமை கார் ஓட்டவோ முன்வருபவர்கள், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி உங்கள் பள்ளி ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள். எங்கள் பள்ளியில் நான் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
சார்லட்டிலிருந்து ஒரு தமிழ்ப் பள்ளிப் பெற்றோர்